பின்கதவுப் பக்கம்

முஸ்பிறா: …இல்ல, தேத்தண்ணி பிறகு குடிக்கலாம். முதல்ல குளிசை மட்டையக் காட்டுங்க, சல்மா உம்மா.

சல்மா: இந்தா மிஸ். ஒரு நாளும் தவறல்ல.

முஸ்பிறா: மனநல வாட்டுல இருந்து ஹிமாயா வந்து எட்டு நாள். மட்டையில எட்டுக் குழியும் வெறுமை. சரி… கிளினிக் தாதி நான் ஏன் வீடு தேடி வாறன் எண்டு தெரியுமா மகள்?

ஹிமாயா: உம்மாட வட்டிலாப்பம் திங்க.

முஸ்பிறா: அதுக்கும்தான். ஆனா இந்த நோய் ஒரேயடியாத் திரும்பி வராது. முதல்ல நித்திரை குறையும். பிறகு சாப்பாடு. அதுக்குப் பிறகுதான் காதுக்குள்ள அந்தச் சத்தம். நித்திரையிலயே கண்டுபுடிச்சா வாட்டுக்குப் போகத் தேவல்ல.

ஹிமாயா: வயல் வரம்பு உடையிறதுக்கு முதல் தண்ணி கசியுமே, அப்பிடியா?

முஸ்பிறா: அதேதான், கெட்டிக்காரி. இப்ப நித்திரை எப்பிடி?

சல்மா: நல்லாப் படுக்காள்.

முஸ்பிறா: புள்ள வாயாலயே செல்லட்டும்.

ஹிமாயா: மூணு மணித்தியாலம்.

சல்மா: ஹிமாயா…

முஸ்பிறா: முழுக் குளிசை போட்டும் மூணு மணித்தியாலமா? அப்பிடி வராதே… சத்தம் கேக்குதா?

சல்மா: இல்ல மிஸ். இந்த முறை இல்ல.

முஸ்பிறா: நான் மகளக் கேட்டன்… என்ன, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பின்கதவப் பாக்கீங்க?

சல்மா: கோழி.

முஸ்பிறா: எனக்கு ஒண்டும் கேக்கல்லயே.

ஹிமாயா: கொஞ்சத்துல நிண்டுரும் மிஸ்.

சல்மா: வாயப் பொத்து புள்ள.

முஸ்பிறா: சல்மா உம்மா, நீங்க இன்னும் கதவத்தான் பாக்கீங்க… மூணு தரம் வாட்டுல இருந்துட்டாள். நாலாம் தரமும் போனா பள்ளிக்கூடத்து ஓ எல் சோதினை இந்த வருஷமும் இல்ல. குளிசைய எறியிறீங்களா?

சல்மா: அல்லாஹ் மேல ஆணையா ஒண்டும் எறியல்ல.

முஸ்பிறா: அப்ப எங்க போகுது?

சல்மா: …ஒரு வீட்டுல ஒரு ஆளுக்குக் கிளினிக் காட் இருந்தாத்தான் சனம் பொறுக்கும் மிஸ். ரெண்டாவது காட்டும் வந்தா எங்கட மூத்தவள ஆரு கலியாணம் முடிப்பா?

முஸ்பிறா: ரெண்டாவது காட் ஆருக்கு?

சல்மா: பின்கதவச் சாத்திட்டு வாறன் மிஸ்.

முஸ்பிறா: செல்லுங்க. நான் தெருவுல கதைக்கிற ஆள் இல்ல.

ஹிமாயா: நான்தான் குளிசையப் பாதியா உடைச்சி உம்மாக்குக் குடுக்கன் மிஸ். அந்தச் சத்தம் என்னைய பேர் செல்லிக் கூப்பிடுறது மட்டும்தான். உம்மாவ கிணத்துக்குள்ள இறங்கச் செல்லுது.