வாட்டிய தலை

— கழுத்து ஒடியுது மாமா. மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு குனிஞ்சு நிமிர முடியலை.

— கறிக்கடைக்கு வந்து கழுத்து வலின்னு பொலம்புறவ நீ ஒருத்திதான் ரோகிணி. இங்க வந்து கழுத்தோட திரும்பிப் போன உசிரு எது? உக்காரு, டீ சொல்றேன்.

— வெளாடாதீக. நீங்க குடுத்த ஆட்டுத் தலையால என் பிஎச்டி சந்தி சிரிக்கப் போகுது.

— தலையில என்ன கொறை? மூளை இல்லையா?

— மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி, மொச்சைப் பயறு கணக்கா இருக்கும். கோழி, எருமை, வெள்ளாடு, மூணுலயும் அதோட செல்லு எப்படி அடுக்கியிருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்குறதுதானே என் ஆராய்ச்சி.

— கோழிக்குமா அது இருக்கு?

— இருக்கு. நடு மடல் மட்டும் கெடையாது.

— அதான் நேரங்கெட்ட நேரத்துல கூவுது.

— கேளுங்க மாமா. கோழியிலயும் எருமையிலயும் சாயம் போட்டா செவப்புச் செல்லு, நீலச் செல்லுன்னு நெருக்கமா, அழகாத் தெரியுது. வெள்ளாட்டுல மட்டும் எல்லாம் சுருங்கி, ஊடால ஓட்டை ஓட்டையா இருக்கு. எங்க கைடு அதைப் பாத்துட்டு, ‘மதுரை வெள்ளாட்டுக்கே உரிய தனி அமைப்பு’ன்னு கருத்தரங்குல பேசிட்டாரு. கைதட்டு வேற.

— பெருமைதானத்தா! போர்டு எழுதி வில்லாபுரம் முக்குல மாட்டிரவா?

— அது தனி அமைப்பு இல்ல, வேக்காடு! போன வாரம் கோழித் தலை ஒண்ணை அடுப்புல வாட்டி, அறுத்துப் பாத்தேன். அதே ஓட்டை. நீங்க தலையை வாட்டி வாட்டிக் குடுத்திருக்கீக.

— பின்ன, முடியோடவா குடுப்பாக? வாங்கும்போது ஒனக்குக் கண்ணு தெரியலையா?

— கொட்டாம்பட்டியில நம்ம வீட்டுக்குத் தலை எப்பவும் கருகித்தானே வரும். முடியோட ஒரு தலையை அடுப்படியில பாத்ததே இல்ல. அதுல என்ன தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல.

— நல்லாப் படிச்ச போ! சரி, கமுக்கமா இருந்து பட்டத்தை வாங்கு. செத்த ஆடு வந்து சாட்சியா சொல்லப் போகுது?

— எங்கம்மா நாத்து நட்டு நட்டு இடுப்பு செத்துப் படிக்க வச்சுச்சு. கருகுன செல்லை எழுதிக் குடுக்கவா? கைடுகிட்ட காலையிலேயே சொல்லிட்டேன். வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாரு. நல்ல செல்லு காட்டு, இல்லைன்னா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு.

— அவரு தலையை வாட்டுனா சரியாயிரும்.

— பார்மலின் டப்பாவோட வந்திருக்கேன். அந்தா கூடையில கெடக்குற தலையில ஒண்ணை அப்படியே முடியோட எடுங்க.

— லேசா வாட்டித் தாரேனே.

— இம்புட்டு நேரம் என்னத்தைச் சொன்னேன்? ஏன் மாமா, எதுக்குச் சாக்கைப் போட்டு மூடுறீக?

— சத்தம் போடாத. ஆளு நிக்குது.

— நிக்கட்டும். கூடையை இங்கிட்டுத் தள்ளுங்க.

— வேணாம்த்தா. முடியோட பாத்தா ஒனக்குத் தெரிஞ்சு போயிரும்.

— என்ன தெரியும்?

— கிட்ட வா. நான் வெள்ளாடு அறுத்தே வருசக்கணக்காச்சு. ஒனக்குக் குடுத்தது அம்புட்டும் செம்மறி. வெள்ளாட்டுத் தலை ஒண்ணுகூட நான் இன்னும் தரலை ரோகிணி, எல்லாமே பாக்கிதான்.