ஒரு விரல் இடைவெளி

மணி மத்தியானம் இரண்டு. நெடுஞ்சாலையில் ஈ, காக்கை இல்லை… என்ன, முகத்தைச் சுளிக்கிறீர்கள்? பேய் ராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கரண்ட் வருவதற்குள் சொல்லி முடிக்கிறேன். நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை யாராவது சாத்துங்கள்.

இது என் நண்பனுடைய சித்தப்பா மகனுக்கு நடந்தது. எல்லோரும் அவனை ‘ஸ்டைல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடி கலைந்துவிட்டது என்பதற்காகப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள். அவன் அப்பாவின் பழைய கார் அவன் கைக்கு வந்தது. நாலு கதவு, நல்ல உயரம். முட்டி தேய்ந்துபோன அந்த மனுஷர் கதவைப் பிடித்தபடி, நின்ற வாக்கிலேயே பின் சீட்டில் சாய்ந்துவிடுவார். ஸ்டைலுக்கோ அந்த உயரமே மானக்கேடாக இருந்தது.

அதே கம்பெனியின் இரண்டு கதவு வண்டியிலிருந்து குட்டையான ஸ்பிரிங் நாலு வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனான்.

“ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான் தம்பி, கச்சிதமா உட்காரும். ஆனா அது லேசான வண்டி, இது கனம். நீ நெனைக்கிறதைவிட இன்னும் இறங்கும். உங்கப்பா ஏறி இறங்க முடியுமா?”

“அவரு எங்க போகப் போறாரு? நீங்க மாட்டுங்கண்ணே.”

மாட்டினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் நுழைந்த இடத்தில் ஒரு விரல்தான் நுழைந்தது. ஸ்டைலுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே அப்பா மூக்குக்கண்ணாடி மாற்றப் போக வேண்டும் என்றார். வேண்டாவெறுப்பாக ஏற்றிக்கொண்டான். திரும்பும்போது பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினான். அங்கே அவனுடைய கார் கூட்டாளிகள் நின்றிருந்தார்கள். கால் மரத்துவிட்டது என்று அப்பா இறங்கப் பார்த்தார்… எழ முடியவில்லை. இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை கவிழ்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, குழந்தை மாதிரி தவழ்ந்து வெளியே வந்தார்.

கூட்டாளிகள் சிரித்தார்கள். ஒருவன் கேட்டான். “யாருடா பெரியவரு?”

ஸ்டைலுக்குக் காது சுட்டது. வாயில் வந்தது இதுதான்:

“தெரிஞ்சவரு. வழியில லிஃப்ட் கேட்டாரு.”

அது அப்பா காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. உள்ளங்கை மண்ணைத் தட்டிவிட்டு, மகன் முகத்தைப் பார்த்து, “ரொம்ப நன்றி தம்பி” என்றார். அந்த வெயிலில் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்களே! போகட்டும், பிறகு ஏற்றிக்கொள்வோம் என்று நின்றுவிட்டான் பாவி. அவன் போய்ச் சேர்ந்தபோது, சாலை வளைவில், வெயிலில் சுருண்டு விழுந்துகிடந்த அவரைச் சுற்றி லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

அம்மா கேட்டபோது, “நடந்தே வர்றேன்னு அடம் பிடிச்சாரும்மா” என்றான். அம்மா நம்பினாள். அதுதான் அவனைத் தின்றது. அதற்குப் பிறகு கண்ணாடி பார்த்துத் தலை சீவுவதையே விட்டுவிட்டான்.

ஒரு மாதம் போயிருக்கும். அதே மத்தியானம், அதே வளைவு. காரில் அவன் மட்டும்தான். திடீரென்று பின்பக்கம்… ங்ங்ஙக். ஸ்பிரிங் அமுங்கியது. டயர் மட்கார்டில் உரசியது… ஸ்ஸர்ர்ர்… முட்டிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாடை. திரும்பிப் பார்க்க அவனுக்குக் கழுத்து வரவில்லை. பங்கு வந்ததும் ஸ்பிரிங் தானாக நிமிர்ந்தது. வாடையும் போய்விட்டது.

அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவையும்.

மெக்கானிக்கிடம் ஓடினான். “பழைய ஸ்பிரிங்கையே மாட்டிடுங்கண்ணே.” வண்டி பழையபடி நாலு விரல் இடைவெளிக்கு உயர்ந்தது.

மறுநாள் அந்த வளைவில் அவனே வண்டியை நிறுத்தினான். இறங்கிப் பின் கதவைத் திறந்து பிடித்தான். சாலையில் ஒரு ஆள் கிடையாது.

“உசத்திட்டேன்ப்பா. இனிமே சிரமம் இருக்காது. ஏறுங்கப்பா… வீட்டுக்குப் போலாம்.”

வெயிலில் அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம்… ங்ங்ஙக்.

அழுதுகொண்டே ஓட்டினான். பெட்ரோல் முள் அடியில் கிடந்ததால், வீட்டுப் பக்கம் திருப்புவதற்கு முன் பங்கில் நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. அதே கூட்டாளிகள். இந்தத் தடவை ஸ்பிரிங் நிமிரவில்லை, தைல வாடையும் போகவில்லை. ஸ்டைல் நேராகப் பார்த்தபடி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பெட்ரோல் போட்டு முடித்த புது ஆள் ஜன்னலோரம் குனிந்தான்.

“பின்னாடி உட்கார்ந்திருக்காரே பெரியவரு… யாருண்ணே?”

ஸ்டைல் பங்கே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். “எங்கப்பா! அவரு எங்கப்பா!”

அந்த ஆள் குழம்பிப்போய்ப் பின் சீட்டைப் பார்த்தான். அப்புறம் இவனைப் பார்த்தான்.

“அப்படியா? இப்பத்தான், ஓட்டுறது உங்க பையனான்னு அவருகிட்ட கேட்டேன்… தெரிஞ்ச தம்பி, வழியில லிஃப்ட் குடுத்தாருன்னாரே…”

பின்பக்கம் ஸ்பிரிங் மெதுவாக நிமிர்ந்தது.