கல்யாண ஃபோட்டோவில் கடிகாரம்

காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் ஒரே ஆபீஸின் அடையாள அட்டை. ஜன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டுத்தான் கையிலிருந்த பேப்பரை மடித்தேன்.

“கம்ப்யூட்டர்ல நான் தனிக்குடித்தனம் போயிட்டேன்டி.”

“என்னடி உளர்ற?”

“வீட்டுல எங்களுக்கு ஒரே கம்ப்யூட்டர்தானே. ஸ்கிரீன்ல கல்யாண ஃபோட்டோ. மணி பெருசாத் தெரியணும்னு அவர் ஒரு கடிகாரத்தை எடுத்துப் போட்டாரு, சரியா என் மூஞ்சி மேல. நகர்த்துங்கன்னா, ‘அங்கதான் கண்ணுக்கு வசதியா இருக்கு’ங்கறாரு.”

“அதுக்கா சண்டை?”

“அதுக்கு மட்டுமா? எல்லாத்துலயும் அப்படித்தான். அதே கம்ப்யூட்டர்ல எனக்குன்னு தனியா இன்னொரு ஸ்கிரீன் திறந்து, வேற படம் போட்டு, என் வேலையெல்லாம் அங்க கொண்டு போயிட்டேன். அவர் ஸ்கிரீன் பக்கம் போறதே இல்ல. வீட்டுல பேச்சும் இல்ல.”

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

“இன்னிக்குக் காலையில கை தவறி அவர் ஸ்கிரீனுக்குப் போயிட்டேன். கடிகாரத்தை நகர்த்தி வச்சிருக்காரு.”

“எங்க?”

“அவர் மூஞ்சி மேல.”

தோழி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

“அப்புறம் என்ன, பேச வேண்டியதுதானே?”

சத்திரம் வந்துவிட்டது. ஜன்னலோரம் இருந்தவள் இறங்க எழுந்தபடியே சொன்னாள்.

“கல்யாணத்துல நான் மட்டும் தனியா நிக்கிற மாதிரி இருக்குடி. சாயங்காலம் போய் முதல்ல அந்தக் கடிகாரத்தை நகர்த்தணும்.”