உப்புக் கரித்த வார்ப்பு

ஒருவனுக்குச் சமைப்பதைவிட இரண்டு பேருக்குச் சமைப்பது சுலபம், சார். ஒருவனுக்கு என்றால் மீன்கறி மிஞ்சிப்போகும், மறுநாளும் அதையே தின்னவேண்டும். மனைவி போனபிறகு பல வருடம் அப்படித்தான் தின்றேன். இப்போது ஷிபின் என்னோடு இருக்கிறான், சட்டி காலியாகிவிடுகிறது.

அவன் வீடு விழுந்ததற்கு மதிப்பீட்டாளரான என் கவனக்குறைவுதான் காரணம் என்று நீங்கள் விசாரணை அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மனத்தாங்கல். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

வீடு கட்ட விண்ணப்பம் வந்தால், அதனால் காற்றில் எவ்வளவு கார்பன், எங்கள் பேச்சில் கரி, சேரும் என்று கணக்கிடுவது என் வேலை. பழைய கட்டடத்தில் எதை இடிக்கலாம், எதை அப்படியே விட்டுவைக்கலாம் என்று நேரில் பார்த்தும் சொல்லவேண்டும். விட்டுவைக்க விட்டுவைக்கக் கரி குறையும். பூமிக்கு உபகாரமான வேலை.

அருமனையில் ஷிபின் எனக்குப் பக்கத்து வீடு. ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவன் கல்ஃபில் இருந்த காலமெல்லாம் நான் ரப்பர் மரங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி வந்தபிறகு, அந்த வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

வந்தவன் பழைய வீட்டின்மேல் மாடி எடுக்க விண்ணப்பம் போட்டான். கீழே இருந்த வார்ப்பு, அதாவது கான்கிரீட் கூரை, அவன் அப்பா போட்டது. அது தாங்காது என்று நான் எழுதினால் மொத்தத்தையும் இடிக்கவேண்டும். இடிப்பதாய் இருந்தால் மனையை விற்றுவிட்டுத் தன் ஊரான கொட்டாரத்துக்கே போய்விடலாம் என்பது அவன் மனைவி பிரீனாவின் கட்சி.

"அப்பா போட்ட வார்ப்பு மக்கா. அது கெடக்கட்டு," என்றான் ஷிபின்.

ஏணி வைத்து ஏறினேன். பூச்சு பெயர்ந்த இடத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். உப்புக் கரித்தது. கடல்மணலைக் கலந்து போட்டிருக்கிறார்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். மேலே இன்னொரு மாடி ஏறினால் நிற்காது. வாயைக் கொப்பளித்துவிட்டு, கூரையை அப்படியே விட்டுவைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கரி மிகவும் குறைவாக வந்தது. அந்தக் கணக்கில் பிழை இல்லை, நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பாரம் ஏறுமுன் ஏதாவது சாக்குச் சொல்லி வேலையை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மாடிச் சுவர் எழும்பி, மழையும் பிடித்தபோது பிரீனா என்னைக் கூப்பிட்டுப் படுக்கையறைக் கூரையைக் காட்டினாள். விரல் நுழையும் வெடிப்பு. பயந்துபோயிருந்தாள். அப்போதுதான் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னாள்.

"மேல பணி தீந்தா வாடகைக்கு விட்டுட்டு நாங்க கொட்டாரத்துக்குப் போயிருவோம், யோவான் அண்ணா. அவருக்கும் சம்மதந்தான்."

நான் வெடிப்பைத் தடவிப் பார்த்தேன்.

"பூச்சுதான் பிரீனா. வெள்ளையடிச்சா மறஞ்சிரும்."

நம்பினாள். நல்ல பெண். கிறிஸ்துமஸுக்கு எனக்கென்று முந்திரிக்கொத்து எடுத்து வைப்பாள். தனியாக இருக்கிறவனை நினைக்க ஊரில் வேறு யாரும் இல்லை.

அன்றிலிருந்து ஷிபினை ஓயாமல் என் வீட்டுக்கு அழைத்தேன். ஒருநாள் கிழங்கும் மீனும், ஒருநாள் வெறும் பேச்சு. மழை கனத்தால் இங்கேயே படுத்துக்கொள் என்பேன். பிரீனாவை அழைக்கவில்லை. கூரை இறங்கிய சாயங்காலம் அவன் என் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுக் கத்தியோடு ஓடினான். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். பிரீனாவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது, சார்? அவள் சாவாள் என்று தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு உபகாரம் மட்டும். நான் இனி வீட்டுக்குத் திரும்பிப் போகமுடியாது என்றால் ஷிபினுக்குச் சொல்லி அனுப்புங்கள். சாளை மீன்கறி அடுப்புமேல் மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துத் தின்னட்டும். தனியாக உட்கார்ந்து தின்று அவனுக்குப் பழக்கமில்லை. பாவம், என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?