கை எட்டாத இடத்துப் படர்தாமரை

டாக்டரம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கை. அப்படியிருந்தும் ஒரு தோல் ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருஷம் கம்பவுண்டராக உட்கார்ந்து, முடி வளரும் தைலத்தை நானே கலந்து நானே கொடுத்தேன். ஜனங்கள் பாட்டிலைப் பார்ப்பார்கள், என் மண்டையைப் பார்ப்பார்கள், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். நம்பிக்கை என்றால் என்னவென்று அங்கேதான் கற்றேன்.

நானும் என் மனைவியும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காரணம் எனக்கு மறந்துவிட்டது. அவளுக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு மேசையில் ‘ணங்’ என்று விழும். எங்கள் வீட்டில் பேச்சு அவ்வளவுதான்.

போன வருஷம் அவளுக்குப் படர்தாமரை வந்தது. நடு முதுகில், கை எட்டாத இடத்தில். மூன்று நாள் கதவு நிலையில் தேய்த்துப் பார்த்தாள். நாலாம் நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

“கம்பவுண்டர்னு பேருதான். கட்டினவளுக்குக் கொஞ்சம் மருந்து போட்டா கை தேஞ்சா போயிடும்?”

போட்டேன். தினமும் சாயங்காலம் கால் மணி நேரம். பூசப் பூச அவளுக்கு வாய் திறந்தது. மகளின் மாமியாரைத் திட்டினாள். பூஞ்சை பிடித்த என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்து, “ஏங்க, ஆமை எதையாவது முழுங்கிட்டீங்களா? ஓடு வெளிய தெரியுது” என்றாள். வெகுநாள் கழித்துச் சிரித்தேன்.

மூன்றாம் வாரம் வட்டம் மங்கிவிட்டது. “இன்னும் ரெண்டு நாள்தான். அப்புறம் உங்களுக்கு லீவு” என்றாள்.

மறுநாள் டப்பியில் களிம்பை மாற்றினேன். இப்போது அவள் முதுகைப் பார்த்ததுமே நீங்கள் கண்டுபிடித்தீர்களே, அந்த ஸ்டீராய்டுதான். அரிப்பை உடனே அடக்கும். படையை உரம் போட்டு வளர்க்கும். ஒரு வட்டம் மூன்றாயிற்று, மூன்றும் சேர்ந்து முதுகாயிற்று. தோல் வெங்காயச் சருகாக மெலிந்தது. நான் கலந்தது என்பதால் டப்பிக்கு லேபிளும் இல்லை, அவளுக்குச் சந்தேகமும் இல்லை. “உங்க கை பட்டாத்தான் அடங்குது” என்றாள். ஒரு புருஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நடுவில் எனக்கும் இடுப்பில் தொற்றியது. எனக்குச் சரியான களிம்பைப் போட்டுக்கொண்டேன். ஒரே மாதத்தில் சுவடில்லாமல் போய்விட்டது.

வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லத்தான் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஒரு விண்ணப்பம் மட்டும்: புது மருந்தையும் நானே போட்டுவிடுகிறேன். என்னைப்போல அக்கறையாகப் பார்த்துக்கொள்ள அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?