சீமைக்குப் போகும் இடி

கிள்ளான் ரயிலில், மூன்றாம் வகுப்பில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிரிக்பீல்ட்ஸ்காரரான மூத்தவர் சொன்னார்: "நான் எண்ணுற இடியெல்லாம் சீமைக்குப் போகுது."

"என்னக்கா சொல்றீங்க?"

"என் மகன் அங்க கரண்டுப் படிப்பு படிக்கிறான். ஒரு பட்டம் வாங்கிட்டான். இப்ப மேல் பட்டம்."

"அதுக்கு மேலயும் படிக்க இருக்கா?"

"இருக்காம். கரண்டுக் கம்பியில மின்னல் விழுந்தா எப்படிக் காப்பாத்துறதுன்னு இவனே கண்டுபிடிக்கணுமாம். வாத்தியாருக்கே தெரியாதாம்."

இளையவர் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க இடியே அபூர்வமாம். இங்க தினம் இடிக்கும்னு சொன்னா வாத்தியார் நம்பல. அதான் என்னை எண்ணச் சொல்லியிருக்கான். எனக்கு எழுதத் தெரியாது. அடுப்படிச் சுவத்துல கரிக்கோடு போடுவேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் கடுதாசி எழுதுவார்."

"உங்க கரிக்கோட்டையா வெள்ளைக்கார வாத்தியார் படிக்கிறார்?"

"படிக்கிறாராம்."

"ரயில்ல சுவத்துக்கு எங்க போவீங்க?"

பெட்டி அதிர இடி இடித்தது. "அர்ஜுனா, அர்ஜுனா" என்று மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். மூத்தவர் மட்டும் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டு, "ஒண்ணு" என்றார்.