படம் எடுத்தவருக்குப் படம் இல்லை

"படுங்க! ஜன்னல் பக்கம் போகாதீங்க! படுங்கப்பா!"

காதர் காக்காவின் குரல். நான் தரையில் கிடக்கிறேன். முகத்துக்கு நேரே கட்டில் கால். முதலில் ஒரு சத்தம். தகரக் கூரை மேல் நெல் மூட்டையை எறிந்தது போல. அப்புறம் தரை அதிர்கிறது. அப்புறம் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. ஒவ்வொரு முறையும் இதே வரிசை. சத்தம், அதிர்வு, சுண்ணாம்பு. மூன்றாவது முறை சுண்ணாம்புக்காகக் காத்திருந்தேன். கண்ணாடி விழுந்தது.

1990 ஆகஸ்டு 2. வியாழக்கிழமை. குவைத். ஈராக் ராணுவம் உள்ளே நுழைந்த நாள். அப்போதுதான் விடிந்திருந்தது.

அறையில் ஏழு பேர். எல்லோரும் ஒரே லாண்டரியில் வேலை. ஆறு பேர் தஞ்சாவூரைச் சுற்றியுள்ள கிராமங்கள். ஒருவர் அதிராம்பட்டினம். அவர்தான் காதர் காக்கா. அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

என் பெயர் ஆரோக்கியசாமி. பூதலூர் பக்கம். எட்டாம் வகுப்புப் படிப்பு. அப்போது வயது இருபத்தெட்டு. லாண்டரியில் இஸ்திரி போடுகிறவன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. இப்போதும் வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் ஆடிப்பெருக்கு. அதைச் செல்வராஜ்தான் ஞாபகப்படுத்தினான். ஒரத்தநாட்டுக்காரன். வாய் ஓயாதவன். "ஊர்ல எல்லாரும் ஆத்துக்குப் போவாங்க. நாம குழாயடிக்குப் போவோம் வாங்க" என்றான். இருந்த வாளி, சட்டி, துணி ஊறப்போடும் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம். சாயங்காலம் குழாய் நின்றது.

அந்த நாட்டுக்குள் போக எத்தனை காகிதம் கேட்டார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பாஸ்போர்ட். விசா. நான் பத்தாம் வகுப்பு தேறாதவன். அதனால் வெளிநாட்டு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி முத்திரை தனியாக வேண்டும். ரத்தம், மூத்திரம், நெஞ்சுப் படம். வேலை ஒப்பந்தம். திருச்சி ஏஜெண்டிடம் பதினேழு முறை போனேன். போய் இறங்கிய அன்றே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அங்கே அது வழக்கம். கையில் இருந்தது பதாக்கா மட்டும். அங்கு தங்கியிருப்பவர்களுக்குத் தரும் அடையாள அட்டை அது. ஜூலைக் கடைசியில் அதையும் வாங்கிக்கொண்டார். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமாம். போட்டோவும் கேட்டார். ஆளுக்கு நாலு. இருந்ததை எல்லாம் கொடுத்தோம்.

ஆகஸ்டில் முதலாளி குடும்பத்தோடு வெளிநாட்டில் இருந்தார். பெட்டி அலுவலகத்தில் இருந்தது.

ஐந்தாம் நாள். காதர் காக்காவும் நானும் போய்ப் பார்க்கிறோம். அலுவலகக் கதவு இல்லை. கூரை கறுத்திருக்கிறது. பெட்டியின் பின்பக்கத் தகடு பிளந்திருக்கிறது. உள்ளே சாம்பல். குச்சியால் கிளறினேன். ஒரு நீல அட்டை ஓரம் வந்தது. தொட்டேன். உதிர்ந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"யார்ட்டயும் சாம்பல்னு சொல்லாத தம்பி. பெட்டியக் காணோம்னு சொல்லு. நம்பிக்கையாவது இருக்கும்" என்றார் காக்கா.

அப்படியே சொன்னேன். செல்வராஜ் என் கையைப் பார்த்தான். விரலெல்லாம் கரி. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதற்கப்புறம் நாள் கணக்கு மங்கலாக இருக்கிறது. ரொட்டிக்கு வரிசை. டாங்கி போகும் சத்தம். நெல் மில்லில் பெல்ட் ஓடுவது போல் இருக்கும். அது நின்றால்தான் பயம். நின்றால் சுடுவார்கள்.

முப்பத்திரண்டாம் நாள் சேதி வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நம் நாட்டு ஆட்களுக்குப் பெயர் எழுதுகிறார்கள். அங்கிருந்து பஸ். பஸ்ரா, பாக்தாத், அதற்கப்புறம் ஜோர்டான் எல்லை. எல்லையைத் தாண்டினால் விமானம். பாஸ்போர்ட் தொலைந்தவர்களுக்கு ஒரு வெள்ளைக் காகிதம் தருகிறார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர். ஒட்டிய போட்டோ. போட்டோ மேல் பாதி விழும்படி முத்திரை. அது இருந்தால் எல்லையில் விடுவார்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

போட்டோ. அதுதான் எங்களிடம் இல்லை. ஸ்டூடியோக்கள் எல்லாம் உடைந்து கிடந்தன.

அப்போது செல்வராஜ் சுவரைப் பார்த்தான். சுவரில் பொங்கல் படம்.

அந்த வருடம் பொங்கலன்று எடுத்தது. கட்டடத்துக்குக் கீழே யாரோ நிறுத்தியிருந்த வெள்ளைக் கார். அதன் முன்னால் வரிசையாக நின்றோம். ஊருக்கு அனுப்பினால் எங்கள் கார் என்று நினைத்துக்கொள்வார்கள். காக்காவிடம் ஒரு கேமரா இருந்தது. எனக்குப் படத்தில் நிற்கக் கூச்சம்.

"நான் எடுக்கிறேன் காக்கா. நீங்க போய் நில்லுங்க" என்றேன்.

"உனக்குக் கை நடுங்கும். போய் நில்லு. நீ உசுரோட இருக்கியான்னு பொண்டாட்டி பாக்க வேணாமா?"

"அவன ஓரமா நிறுத்துங்க காக்கா. நடுவுல நின்னா கண்ண மூடிக்குவான்" என்றான் செல்வராஜ்.

ஓரத்தில் நின்றேன். கண்ணை மூடவில்லை. காக்கா சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்தார்.

அந்தப் படத்தை ஆணியிலிருந்து இறக்கினோம். லாண்டரிக் கத்தரிக்கோல். பெரியது. காக்காதான் வெட்டினார். ஆறு முகம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. செல்வராஜுக்கு ஒரு காது போய்விட்டது. படத்தில் அவன் காதை ஒட்டித்தான் என் தாடை இருந்தது. "என் காத வெட்டுனா வெட்டுங்க. அவன் தாடைய விட்டுருங்க. அவன் பேசாட்டியும் தாடை வேணும்ல" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஒரு மாதத்தில் அதுதான் சிரிப்பு.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏழு பேர். ஆறு முகம்.

காக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது. வெட்டத் தொடங்கும்போதே தெரிந்திருக்கும். ஆறு ஓட்டை விழுந்த படத்தைத் தூக்கிக் காட்டினார். கீழே, எங்கள் கால்களுக்கு முன்னால், தரையில் ஒரு நிழல். கேமராவைப் பிடித்த முழங்கைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. "பாருங்க, இப்ப இதுல நீங்க யாரும் இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன். இத ஒட்டுனா முத்திரை போடுவாங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கேமராவில் இன்னும் மூன்று படம் எடுக்கலாம். எடுத்தால் கழுவிக் கொடுக்க ஆளில்லை.

முப்பத்து மூன்றாம் நாள். காலை. பள்ளிக்கூடம். மேசைக்குப் பின்னால் ஒருவர். கண் சிவந்திருக்கிறது. எத்தனை நாள் தூங்கவில்லையோ. பொறுமையாகத்தான் பேசினார். தமிழும் கொஞ்சம் வந்தது. ஆறு பேருக்கும் முகத்தை ஒட்டிக் காகிதம் கொடுத்தார். காக்காவின் முறை. தலையை ஆட்டினார்.

"போட்டோ இல்லாம நான் குடுத்தா பார்டர்ல நிறுத்திடுவாங்க. ஒரு வழி இருக்கு. நாளைக்குக் காலைல பெரிய அதிகாரி வர்றார். பேப்பர் வாங்கின ஒருத்தர் அவர் முன்னாடி நின்னு, இவரை எனக்குத் தெரியும்னு கையெழுத்துப் போடணும். அவர் தனியா ஒரு லெட்டர் குடுப்பார். அதக் காட்டினா விடுவாங்க. இன்னைக்குப் பஸ்ஸ விட்டுட்டு யார் நிக்கறீங்க?"

வெளியே பஸ் எஞ்சின் ஓடுகிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மூன்று முறை. நீளமாக.

அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. உண்டா என்றே தெரியாது. செல்வராஜ் டிசம்பரில் ஊருக்குப் போய் வந்தவன். அவன் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம். எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள். காரணம் என்று சொன்னால் அதுவும் காரணம்தான்.

நான் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாய் வரை வந்தது. நான் தரையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத் தரை. சாக்பீஸ் துண்டு ஒன்று கிடந்தது. மஞ்சள் நிறம். இன்னமும் கண்ணில் நிற்கிறது.

காக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டது போல ஆகிவிடும் என்று நினைத்திருப்பார்.

"இதுக்கு எதுக்கு ஒருத்தன் நிக்கணும்? பஹாஹீல்ல எங்க ஊர்க்காரர் இருக்கார். பாஸ்போர்ட்டும் கையில வச்சிருக்கார். அவரக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போட வச்சிடுறேன். ஏறுங்கப்பா. அடுத்த பஸ்ல வர்றேன்."

நம்பினோம். நம்புவது சுலபமாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு. அவர் கீழே நிற்கிறார். கேமரா தோளில். "தல வெளிய நீட்டாத! ஆரோக்கியம்! உள்ள இழு!" என்று கத்தினார். பக்கத்தில் ராணுவ லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அது.

பஸ்ரா. பாக்தாத். பிறகு ரோடு. பிறகு மணல். இரண்டு சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் கூடாரங்கள். அந்தப் பக்க நாடும் இல்லை. இந்தப் பக்க நாடும் இல்லை. ஒன்பது நாள் அங்கே கிடந்தோம். தண்ணீர் லாரி ஒரு நாளைக்கு ஒரு முறை. வந்ததும் ஓடுவார்கள். "தள்ளாதீங்க! புள்ள இருக்கு! புள்ள இருக்கு!" என்று ஒரு பெண் கத்தினாள். தமிழ்தான். ஆளைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் பஸ் வந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களை எண்ணினேன். வெள்ளைச் சட்டை, தோளில் கேமரா. முதல் பஸ்ஸில் இல்லை. அடுத்ததில் இல்லை. மூன்றாம் நாள் செல்வராஜும் என்னோடு வந்து நின்றான். ஏழாம் நாள் அவன் வரவில்லை. நான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் நிற்காத கால் இங்கே நின்று என்ன பயன் என்று நினைத்தேன். ஆனாலும் நின்றேன்.

பத்தாம் நாள் எங்கள் முறை. ஜோர்டான் சிப்பாய் காகிதத்தை வாங்கினான். சின்ன வயது. முகத்தைப் பார்த்தான். போட்டோவைப் பார்த்தான். மறுபடி முகம். போட்டோவில் என் காதுக்குப் பின்னால் வெள்ளைக் காரின் ஓரம் தெரிந்தது. அவன் விரலால் அதைத் தட்டி ஏதோ கேட்டான். நான் தலையை ஆட்டினேன். முத்திரை குத்தினான். எனக்கு அடுத்து நின்ற ஒருவரிடம் காகிதம் இல்லை. அவரைப் பிடித்துப் பின்னால் திருப்பினார்கள். அவர் ஓடப் பார்த்தார். "நில்லு! ஓடாத! சுட்டுருவான்!" யார் கத்தினார்கள் என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம்.

அம்மான். பம்பாய். ரயில். தஞ்சாவூர்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துக் காக்காவின் மனைவி வந்தார். தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் மாறிப் பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. என் மனைவி கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"கடைசியா எங்க பாத்தீங்க தம்பி?"

"பள்ளிக்கூடத்துல. அடுத்த பஸ்ல வர்றேன்னாரு."

"எதுக்கு அடுத்த பஸ்?"

"போட்டோ இல்ல. அதான்."

"அவங்க கேமரா வச்சிருந்தாங்களே" என்றார்.

நான் கையெழுத்துச் சங்கதியைச் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல. அதற்கப்புறம் நாலு முறை வந்தார். நாலு முறையும் சொல்லவில்லை. அவர் கூச்சக்காரர், அதிகம் பேச மாட்டார் என்று என் மனைவி சொல்லிச் சமாளிப்பாள். கூச்சம் இல்லை. அன்று பள்ளிக்கூடத்திலும் அது கூச்சம் இல்லை. பயம். பஸ் போய்விடும் என்ற பயம். ஒரு நாள் பயம். ஒரு ராத்திரி தங்கி ஒரு கையெழுத்து.

ஜனவரியில் குவைத்தில் மறுபடி குண்டு விழுந்தது. ரேடியோவில் கேட்டேன். அடுத்த வருடம் பஹாஹீல்காரர் ஊருக்கு வந்தார். தேடிப் போய்ப் பார்த்தேன். காதர் தன்னிடம் வரவே இல்லை என்றார். பள்ளிக்கூடத்துக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு நீளமான ரோடு. அந்த ரோட்டில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. காக்கா பெயருக்கு ஒரு சாவுக் காகிதம்கூட வாங்க முடியவில்லை. அதற்கும் அடையாளம் காட்ட ஆள் கேட்டார்களாம். அவர் மனைவி என்னைக் கேட்கவில்லை. இரண்டு வருடம் முன்பு அவரும் போய்விட்டார்.

இருபது வருடம் ஆகிறது. தஞ்சாவூரில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். விசாவுக்குப் போகிற பிள்ளைகள் சட்டை தேய்க்க வருவார்கள். போட்டோ கூடுதலாக எடுத்து வை என்பேன். வீட்டில் ஒரு காப்பி, நண்பனிடம் ஒரு காப்பி. "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குண்ணே" என்று சிரிப்பார்கள். நான் சட்டையை மடித்துக் கொடுப்பேன்.

இனிக் கணக்கு. பாஸ்போர்ட் ஏழு. பதாக்கா ஏழு. போட்டோ இருபத்தெட்டு. ஆறு ஓட்டை விழுந்த ஒரு பொங்கல் படம். எடுக்காத மூன்று படங்களோடு ஒரு கேமரா. ஏழு பேர் இருந்தோம். ஆறு பேர் வந்தோம்.

வராதவர் பெயர் அப்துல் காதர். தகப்பனார் பெயர் சேகு மைதீன். ஊர் அதிராம்பட்டினம். அப்போது வயது முப்பத்தெட்டு. இடது புருவத்தில் ஒரு தழும்பு. வலது கையில் இஸ்திரி சுட்ட வடு. சிரித்தால் ஒரு கண் சின்னதாகும்.

இவரை எனக்குத் தெரியும்.

ம. ஆரோக்கியசாமி